திகதி இல்லாத பூநாரைகள்

மாரி தொடங்கினால் போதும், எங்கட பேஸ்புக்கும் இன்ஸ்டகிராமும் இளஞ்சிவப்பாக மாறிவிடும். யாழ்ப்பாணக் கடனீரேரிக்குப் பூநாரை வந்துவிட்டது என்று ஆளுக்கு ஆள் படம் போடுவார்கள். தண்ணிக்குள் நிற்கிற படம், கூட்டமாக எழும்புற படம், சூரியன் விழுகிற நேரத்தில் கறுப்பு நிழலாகத் தெரியிற படம். பெரும்பாலானவை நல்ல படங்கள். அவற்றின் கீழே எழுதியிருப்பதும் அநேகமாக ஒன்றுதான்: 'எங்கள் மண்ணின் அழகு', 'யாழின் விருந்தாளிகள்', பிறகு ஒரு இதயக்குறி.

இப்ப ஒரு சின்னக் கேள்வி. இந்தப் படங்கள் எல்லாவற்றையும் ஒரு இடத்தில் சேர்த்து வைத்துக்கொண்டு, போன வருசம் பூநாரை எப்ப வந்தது, எந்தக் கரையில் நின்றது, எத்தனை நின்றது, எப்ப திரும்பிப் போனது என்று யாராவது சொல்ல முடியுமா? முடியாது. ஆயிரம் படம் இருக்கும், ஒரு பதிலும் இருக்காது. ஏனென்றால் படத்தில் பறவை இருக்கு. திகதி இல்லை, இடம் இல்லை, சில நேரம் பெயர்கூட இல்லை.

இந்தக் கட்டுரை அந்தப் படங்களுக்கு எதிரானது இல்லை. கமராவைத் தூக்கிக்கொண்டு விடியக் காலமை கரைக்குப் போகிறவர்கள் மேல் எங்களுக்கு மரியாதை இருக்கு. நாங்கள் சொல்ல வருவது ஒன்றுதான். இந்தக் கடனீரேரியைக் கிழமைக்குக் கிழமை, வருசத்துக்கு வருசம் போய்ப் பார்த்துக்கொண்டு இருக்கிறவர்கள் பொழுதுபோக்குக்குப் படம் எடுக்கிற எங்கட ஊர் ஆட்கள்தான். அவர்களின் படங்கள் அழகாக இருந்தால் மட்டும் போதாது, சாட்சியாகவும் இருக்க வேணும். அதற்குத் தேவைப்படுவது விலை கூடின லென்ஸ் இல்லை. மூன்று வரி எழுத்து.

வாசலிலேயே ஒரு சதுப்பு நிலம்

யாழ்ப்பாண நகரத்துக்கு ஒரு வசதி இருக்கு. இயற்கையைப் படம் எடுக்க நாங்கள் காட்டுக்குப் போகத் தேவையில்லை, ஜீப் பிடிக்கத் தேவையில்லை, நுழைவுச் சீட்டு வாங்கத் தேவையில்லை. பஸ் நிலையத்தில் இருந்து சைக்கிளை மிதித்தால் பத்து நிமிசத்தில் பண்ணை. கோட்டையைத் தாண்டினால் இரண்டு பக்கமும் தண்ணி. வற்றின நேரத்தில் சேறு வெளியே தெரியும், அதில் கொக்கும் உள்ளானும் நடந்து திரியும். மற்றப் பக்கம் காக்கைதீவு, கல்லுண்டாய் வெளி, அராலி. ஏ9 வீதியில் போனால் நாவற்குழிப் பாலம். தென்மராட்சிக்குள் இறங்கினால் சரசாலைக் குருவிக்காடு. வடமராட்சிப் பக்கம் தொண்டைமானாறு. இன்னும் தூரம் போகக்கூடியவர்களுக்கு 1938 இலேயே சரணாலயமாக்கப்பட்டு 2015 இல் தேசியப் பூங்காவான சுண்டிக்குளம்.

அதனால்தான் இங்கே படம் எடுக்கிறவர்களும் பலவகை. சனி ஞாயிறில் கலியாண வீட்டுக்குக் கமரா தூக்குகிற அண்ணைமார் திங்கட்கிழமை காலமை அதே லென்ஸோடு அராலிப் பாலத்தில் நிற்பார்கள். வங்கியில் வேலை செய்கிறவர், பாடசாலை ஆசிரியர், கம்பஸ் பெடியள், வெளிநாட்டில் இருந்து லீவுக்கு வந்த மாமா. போனில் எடுக்கிறவர்களை எண்ணவே தேவையில்லை. யாருக்கும் இதற்குச் சம்பளம் இல்லை. ஒரு பல்கலைக்கழகத் திணைக்களமோ அரச அலுவலகமோ இத்தனை பேரை இத்தனை காலமை வேளைகளில் கரைக்கு அனுப்ப முடியாது. இது எங்களிடம் சும்மா கிடக்கிற ஒரு பெரிய பலம்.

ஏன் திகதி வேணும்?

'முந்தி மாரிக்கு வானம் மூடுற மாதிரிப் பறவை வரும்' என்று ஊரில் எந்த வயது போனவரைக் கேட்டாலும் சொல்லுவார். நாங்கள் அதை நம்புகிறோம். ஆனால் அதை நிறுவிக் காட்ட எங்களிடம் ஒன்றும் இல்லை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கரையோரத்தின் பெரும்பகுதி சாதாரண சனம் போக முடியாத இடமாக இருந்தது. கடற்கரையில் கமராவோடு நிற்பது பொழுதுபோக்கு இல்லை, ஆபத்து. எடுத்து வைத்திருந்த கொஞ்சப் படமும் 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வோடு போய்விட்டது. எத்தனையோ வீடுகளில் கலியாண அல்பமே மிஞ்சவில்லை. பறவைப் படம் எங்கே மிஞ்சும்? ஆக, எங்கட கடனீரேரிக்கு ஒரு தலைமுறைக் காலத்துப் படமே இல்லை. கூடினதா குறைந்ததா என்று கேட்டால் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தொடக்கப் புள்ளி இல்லை.

இது வெறும் பழைய நினைவு பற்றின கவலை இல்லை. 2025 செப்ரெம்பர் 1 ஆம் திகதி மண்டைதீவில் சர்வதேசக் கிரிக்கெட் மைதானத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. எங்களில் பாதிப்பேர் கிரிக்கெட் பைத்தியங்கள், யாழ்ப்பாணத்துக்கு ஒரு மைதானம் வருவது சந்தோசம்தான். அதே நேரம், அது ஈரநிலம், பறவைகள் வந்து தங்குகிற இடம் என்று சூழல் ஆர்வலர்கள் கேள்வி எழுப்பினார்கள். உடனே பேஸ்புக்கில் இரண்டு பக்கமும் சண்டை. ஒரு பக்கம் 'அங்க என்ன பறவை இருக்கு, வெறும் வெளிதானே' என்றது. மற்றப் பக்கம் பூநாரைப் படங்களைத் தூக்கிப் போட்டது. ஆனால் அந்தப் படங்கள் மண்டைதீவில் எடுத்தவையா, மன்னாரில் எடுத்தவையா, எந்த வருசம் எடுத்தவை என்று யாருக்கும் தெரியாது. மைதானம் வேணுமா வேண்டாமா என்பதில் எங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து இருக்கு. ஆனால் அந்த விவாதம் அப்படி நடந்திருக்கக் கூடாது என்பதில் ஒரே கருத்துத்தான். பண்ணைப் பாலத்தால் நாளாந்தம் இத்தனை கமரா போய் வருகிற ஊரில், அந்த வெளியைப் பற்றித் திகதியோடு பத்து வருசப் படம் இருந்திருக்க வேணும்.

மன்னாரைப் பாருங்கள். மத்திய ஆசியப் பறப்புப் பாதை என்று சொல்லப்படுகிற வழியால், சைபீரியாப் பக்கம் இருந்து வருகிற பறவைகள் இந்தியாவைக் கடந்து எங்கட தீவுக்குள் நுழைகிற வாசல்களில் ஒன்று அது. மன்னார்த் தீவில் 30 காற்றாலைகள் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கின்றன. அதற்குப் பிறகு அதானி நிறுவனத்தின் திட்டம் வந்தபோது வழக்குகள் வந்தன, வாதங்கள் வந்தன. 2025 பெப்ரவரியில் அந்த நிறுவனம் விலகிக்கொண்டது. அதன் பின்னும் புதிய காற்றாலைகளுக்கு எதிராக மன்னார்ச் சனம் வீதிக்கு இறங்கியது. அந்த வாதங்களில் பறவைக்காகப் பேசினவர்களிடம் தரவு இருந்தது. கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் பிடித்த கடற்காகங்களுக்கு ஜிபிஎஸ் கருவி பூட்டி, அவை ரஷ்யாவின் வடதுருவப் பக்கம் மட்டும் போய் வருவதைக் காட்டியிருந்தார்கள். பாதுகாப்பு என்பது கவிதையால் மட்டும் வருவதில்லை, கணக்காலும் வருகிறது. 1987 இல் தொடங்கின ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஒவ்வொரு ஜனவரியும் நடக்கிறது. அது வருசத்தில் ஒரு முறை எடுக்கிற கணக்கு. மிச்சப் பதினொரு மாதத்துக்கும் சாட்சி யார்? படம் எடுக்கிற நாங்கள்தான்.

மூன்று வரி

என்ன எழுத வேணும்? இடம், திகதி நேரம், பெயரும் எண்ணிக்கையும். அவ்வளவுதான். ஒரு மாதிரிக்கு:

நாவற்குழிப் பாலம், மேற்குப் பக்கம். டிசம்பர் 14, 2025, காலை 6.40, தண்ணி வற்று. பூநாரை ஏறக்குறைய 60, அதில் சாம்பல் நிறக் குஞ்சுகள் 10 போல. கூழைக்கடா 4.

இதை எழுத ஒரு நிமிசம் போகாது. 'எங்கள் மண்ணின் அழகு' என்பதை அதற்குக் கீழே தாராளமாக எழுதலாம், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

இதில் சில தொழில்நுட்ப விசயமும் இருக்கு. போனிலோ கமராவிலோ எடுக்கிற ஒவ்வொரு படத்துக்குள்ளும் எடுத்த நேரம் தானாகப் பதியும். ஆனால் வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது அழிந்துவிடும். பேஸ்புக்கில் போட்ட படத்தை இறக்கினாலும் அது இருக்காது. அதாவது படம் எவ்வளவு பரவுகிறதோ அவ்வளவுக்கு அதன் பிறந்த திகதி தொலைகிறது. அதனால் மூலப் படத்தைத் தனியாக வைத்திருக்க வேணும், திகதியை எழுத்திலும் போட வேணும். இரவல் கமரா என்றால் முதல் வேலை அதன் மணிக்கூட்டைச் சரிபார்ப்பது. பற்றி கழற்றிக் கனநாள் கிடந்த கமராக்கள் சில நேரம் வேறு ஏதோ வருசத்தில் வாழ்ந்துகொண்டிருக்கும்.

இன்னொன்று நிறம். பூநாரை பிறக்கும்போதே சிவப்பு இல்லை. சொண்டைத் தலைகீழாகச் சேற்றுத் தண்ணிக்குள் வைத்து வடித்துத் தின்கிற சின்ன உயிரிகளாலும் பாசியாலும்தான் அந்த நிறம் வருகிறது. இளம் பறவைகள் சில வருசத்துக்குச் சாம்பலும் வெள்ளையுமாகத்தான் இருக்கும். ஒரு கூட்டத்தில் எத்தனை சாம்பல் பறவை என்று பார்த்தால், அண்மை வருசங்களில் எவ்வளவு குஞ்சு பிழைத்தது என்று ஒரு ஊகம் கிடைக்கும். 'சிவப்புக் காணாது' என்று போனில் நிறத்தைக் கூட்டிவிட்டால் அந்தத் தகவல் போய்விட்டது. எல்லாரும் ஒரே சிவப்பு, குஞ்சும் இல்லை தாயும் இல்லை.

எங்களுக்குப் பிடித்த விசயம் என்னவென்றால், சாட்சிப் படத்துக்குப் பெரிய லென்ஸ் தேவையில்லை. ஒரு பூநாரையின் கண்ணைக் கிட்டத்தில் காட்டுகிற படத்தை விட, முழுக் கூட்டத்தையும் பின்னால் தெரிகிற பாலத்தையும் சேர்த்துக் காட்டுகிற அகலமான படம்தான் எண்ணுவதற்கு உதவும். அதைச் சாதாரணப் போனில் எடுக்கலாம். ஒரு இடத்தைத் தெரிவு செய்து, மாதம் ஒரு தரம், அதே இடத்தில் நின்று, அதே திசையைப் பார்த்து ஒரு படம். பன்னிரண்டு மாதத்தில் தண்ணி ஏறுவதும் வற்றுவதும், பறவை வருவதும் போவதும், குப்பை வளர்வதும், வேலி முளைப்பதும் கதையாகத் தெரியும். பத்து வருசம் செய்தால் அது ஆவணம். லட்சக் கணக்கில் விலை போகிற கமரா இல்லாததால் 'நான் எங்க இதுக்குள்ள' என்று ஒதுங்கி நிற்கிற பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்ல விரும்புகிறோம்.

பெயரில் என்ன இருக்கு?

கலைப்பீடத்தில் இருந்துகொண்டு உங்களுக்கேன் பறவை என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். பெயர் எங்கட பாடம்தானே என்பது எங்கட பதில்.

எங்கட முற்றத்தில் தத்தித் திரிகிற புலுனியை அம்மம்மா புலுனி என்றுதான் சொல்லுவா. அதே பறவை படமாகி இணையத்துக்குப் போனவுடன் 'யெல்லோ பில்ட் பப்ளர்' ஆகிவிடுகிறது. வயல் வெளியில் ஆளைக் கண்டவுடன் கத்துகிற ஆக்காட்டி 'ரெட் வோட்டில்ட் லப்விங்' ஆகிறது. ஆங்கிலப் பெயரும் வேணும், விஞ்ஞானப் பெயரும் வேணும். உலகத்தோடு பேச அது தேவை. ஆனால் ஊர்ப் பெயரை விட்டுவிட்டால் அம்மம்மாவோடு பேச முடியாது. அந்தப் பறவையைப் பற்றி ஐம்பது வருசத்து விசயம் தெரிந்தவர் அவதான். பெயர் தெரியாவிட்டால் கரையில் நிற்கிற ஒருவரைக் கேட்கலாம். 'உள்ளான்' என்று பொதுவாகச் சொன்னாலும் பரவாயில்லை. பிழையான ஆங்கிலப் பெயரை விட நேர்மையான பொதுப்பெயர் நல்லது.

பெயர் எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு எங்கட ஊர்ப் பெயர்களே சாட்சி. ஆனையிறவு என்று சொல்கிறோம். வன்னியில் பிடித்த யானைகளைக் கடனீரேரியைக் கடத்திக் குடாநாட்டுக்குள் கொண்டுவந்து, கப்பலில் ஏற்றிய காலத்தின் மிச்சம் அந்தப் பெயர். அந்த யானை வரிசை போய்விட்டது, பெயர் நிற்கிறது. காக்கைதீவு, கொக்குவில் என்று பறவை ஒட்டின பெயர்களும் இருக்கு. பழந்தமிழில் கொக்கு என்றால் மாமரமும்தான் என்பதால் கொக்குவில் பறவையா மரமா என்று எங்களுக்குள் இன்னும் வாதம் முடியவில்லை. பெயர் மட்டும் மிஞ்சினால் இப்படித்தான் வாதம் மிஞ்சும். பெயரோடு படமும் திகதியும் சேர்ந்து மிஞ்சினால் பின்னால் வருகிறவர்களுக்கு வாதிடுகிற வேலை கொஞ்சம் குறையும்.

வெட்டி எறியப்படுகிற மனிசர்

கடனீரேரிப் படங்களில் இன்னொரு பழக்கம் இருக்கு. தண்ணிக்குள் நட்டிருக்கிற தடிகளைப் படத்தில் இருந்து அழித்துவிடுவது. இப்ப போனிலேயே விரலால் தடவினால் தடி மறைந்துவிடும். ஆனால் அந்தத் தடி என்ன? சிறகு வலைத் தடி. கடனீரேரியில் காலம் காலமாக நடக்கிற தொழில். ஆலாவும் நீர்க்காகமும் அந்தத் தடியில்தான் வந்து குந்தும், மீன் அங்கே இருப்பதால். தடியை அழித்தால் பறவை அங்கே ஏன் நிற்கிறது என்ற காரணமும் அழிகிறது.

கரையில் ஒருமுறை நண்டு வலை துப்பரவாக்கிக்கொண்டு இருந்த ஐயா ஒருவர், எங்களோடு நின்ற ஒருவரின் போனில் யாரோ பகிர்ந்த படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: 'தம்பி, இது எங்கட கடல்தானே? அப்ப எங்களைக் காணேல்லை?' அவர் பகிடியாகத்தான் கேட்டார். எங்களுக்கு அது பகிடியாகப் படவில்லை. இடுப்பளவு தண்ணியில் நடந்து தொழில் செய்கிற மனிசர், நண்டுக்கூடை, பழைய வள்ளம் எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, ஆளே இல்லாத ஒரு கடனீரேரியைக் காட்டிக்கொண்டே இருந்தால், அது ஆளில்லாத வெளி என்று பார்க்கிறவர் நம்பத்தான் செய்வார். 'வெறும் வெளிதானே' என்ற பேச்சுக்கு நாங்களே அத்திவாரம் போட்டுக் கொடுத்த மாதிரி. கடலட்டைப் பண்ணைகளுக்கு வேலி அடிக்கத் தொடங்கினபோது, அது யாருடைய தொழில் இடம், எந்தப் பாதையால் வள்ளம் போகும் என்று பெரிய பிரச்சினைகள் வந்தன. அந்த வேலிகள் எப்ப, எங்கே முளைத்தன என்பதற்கும் படம்தான் சாட்சி. ஆனால் வேலி அழகில்லை என்று படத்துக்குள் வருவதில்லை. கல்லுண்டாய் வெளியில் நகரத்துக் குப்பை மலையாக இருக்கு. அதன் பக்கத்திலேயே கொக்கு நிற்கும். கமரா கொக்கின் பக்கம் மட்டும் திரும்பும்.

எல்லாப் படத்திலும் குப்பை இருக்க வேணும் என்று நாங்கள் சொல்லவில்லை. பத்து அழகான படம் போட்டால் பதினோராவதாக அந்த இடம் உண்மையில் எப்படி இருக்கு என்று ஒரு படம். அது போதும்.

எதைச் சொல்லக் கூடாது

இடத்தை எழுதச் சொல்கிறீர்கள், எழுதினால் சனம் குவிந்து பறவையைக் கலைத்துவிடுமே என்று ஒரு நியாயமான கேள்வி வரும். உண்மைதான். அதனால் ஒரு கோடு போட வேணும். தங்குகிற இடத்தை ஊர் அளவில் சொல்லலாம்: நாவற்குழி, அராலி, சரசாலை. கூடு இருக்கிற இடத்தை யாருக்கும் சொல்லக் கூடாது. கூட்டுப் படத்தை அந்தப் பருவம் முடியும் மட்டும் போடவே கூடாது.

காரணம் எளிது. ஆக்காட்டி, நெடுங்கால் உள்ளான், சின்ன ஆலா எல்லாம் மரத்தில் கூடு கட்டுவதில்லை. வெறும் தரையில், உப்பு வெளியில் முட்டை இடும். எங்கட வெயிலில் தாய்ப்பறவை எழும்பிப் போய் நீங்கள் படம் எடுத்து முடிக்கிற அந்த நேரத்துக்குள் முட்டை சூடேறிக் கெட்டுவிடலாம். காகமும் நாயும் எங்கட காலடியைப் பின்தொடர்ந்து வரலாம். பறக்கிற படம் வேணும் என்று கல் எறிந்து கூட்டத்தை எழுப்புகிறவர்களையும் கண்டிருக்கிறோம். ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்து, திரும்பிப் போவதற்காகத் தின்று கொழுப்புச் சேர்க்கிற பறவை அது. ஒவ்வொரு தரம் எழுப்பும்போதும் அதன் சேமிப்பில் கை வைக்கிறோம். ட்ரோன் அதை விட மோசம். பறவைக்கு அது பருந்து மாதிரித் தெரியும். ட்ரோன் பறக்கவிடச் சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையின் விதிகள் இருக்கு, 1937 இல் இருந்தே தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கு. சட்டத்துக்குப் பயந்து இல்லாவிட்டாலும், அடுத்த வருசமும் அது வர வேணும் என்ற ஆசையிலாவது தள்ளி நிற்கலாம்.

விவரங்களை எங்கே போடுவது என்பதற்கும் வழி இருக்கு. ஈபேர்ட், ஐநச்சுரலிஸ்ட் இரண்டும் இலவசம். திகதி, இடம், எண்ணிக்கை எல்லாம் போடலாம். அச்சுறுத்தலுக்கு உள்ளான இனம் என்றால் ஐநச்சுரலிஸ்ட் தானாகவே சரியான இடத்தை மங்கலாக்கிவிடும். ஆங்கிலம் ஓடாதே என்று யோசிக்கத் தேவையில்லை; ஒரு கொப்பியில் தமிழில் எழுதி வைத்தாலும் அது பதிவுதான்.

கரைக்குப் போக முடியாதவர்கள்

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. விடிய ஐந்தரைக்கு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆளில்லாத கரைக்குப் போகிற சுதந்திரம் எங்களில் எல்லாருக்கும் இல்லை. எங்கட கூட்டத்தில் இருக்கிற பெண் பிள்ளைகளுக்கு வீட்டில் வருகிற முதல் கேள்வி 'ஆரோட போறாய்?' என்பதுதான். அதனால் யாழ்ப்பாணத்து இயற்கைப் படம் என்றால் பெரும்பாலும் ஆம்பிளைப் பிள்ளைகள் மோட்டார் சைக்கிளில் போய்ச் சேரக்கூடிய இடத்தின் படம் என்றாகிவிட்டது. இதற்கு இரண்டு விடை இருக்கு. ஒன்று, தனித்தனியாக ஓடாமல் கூட்டமாகப் போவது. நேரத்தையும் இடத்தையும் எல்லாருக்கும் பொருந்துகிற மாதிரி வைப்பது. இரண்டாவது, வளவுக்குள் எடுக்கிற படத்தைக் குறைவாக மதிப்பிடுவதை நிறுத்துவது. கிணற்றடியில் வருகிற மீன்கொத்தி, வேலிக் கதியாலில் ஊர்கிற செண்பகம், முருங்கைப் பூவுக்கு வருகிற தேன்சிட்டு. பனங்காணி மதில் காணியாகி, மதில் காணி மாடி வீடாகிக்கொண்டிருக்கிற ஊரில், ஒரு வளவுக்கு வருசம் முழுக்க என்னென்ன பறவை வந்தது என்ற கணக்கும் பெரிய ஆவணம்.

அழகை ரசிப்பதும் பிழையா?

இல்லை. 'மனசு ஆறத்தான் படம் எடுக்கிறம், அதுக்குள்ளயும் கணக்கு எழுதச் சொல்லுறீங்களே' என்று ஒரு நண்பன் சொன்னான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கு. சோதனை, வேலையில்லாப் பிரச்சினை, வெளிநாடு போகிற யோசனை எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு மணித்தியாலம் தண்ணியைப் பார்த்துக்கொண்டு நிற்பது சின்ன விசயம் இல்லை. அதை யாரும் பறிக்கத் தேவையில்லை. ஆனால் எங்களுக்கு அப்படி மனசு ஆறுகிற இடம் பத்து வருசத்துக்குப் பிறகும் இருக்க வேணும் என்றால், அது இருந்தது என்று காட்டுகிற சான்று வேணும். படம் மட்டும் ஒரு இடத்தைக் காப்பாற்றிவிடும் என்று நாங்கள் நம்பவில்லை. ஆனால் காப்பாற்றக் கேட்டுப் போகிறவரின் கையில் ஒன்றும் இல்லாவிட்டால், கதவடியிலேயே அவரைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

அழகு மட்டும்தான் வேணும் என்றால் இனிமேல் கமராவே தேவையில்லை. கோட்டைக்குப் பின்னால் ஆயிரம் பூநாரை பறக்கிற படத்தைச் செயற்கை நுண்ணறிவு ஒரு நிமிசத்தில் செய்து தரும், அதுவும் எங்கட படத்தை விடச் சிவப்பாக. அதால் செய்ய முடியாதது ஒன்றுதான்: அந்தக் காலமை அந்தச் சேற்றில் கால் வைத்து நின்றது. அங்கே நின்றது நீங்கள்தான். அதை எழுதி வையுங்கள்.

இந்த மாரிக்கு எங்கட கேள்வி சிறியது. உங்கட போனில் ஏற்கெனவே இருக்கிற கடனீரேரிப் படங்களில் பத்தை எடுங்கள். எங்கே, எப்ப, என்ன பறவை, எத்தனை என்று நினைவு இருக்கும்போதே எழுதுங்கள். நினைவு இல்லாத விசயத்தை ஊகித்து நிரப்ப வேண்டாம், வெறுமையாக விடுங்கள். பிறகு, உங்கட வீட்டுக்குக் கிட்ட ஒரு கரையையோ குளத்தையோ தெரிவு செய்து மாதம் ஒரு படம். பண்ணை, காக்கைதீவு, அராலி, நாவற்குழி, சரசாலை, தொண்டைமானாறு என்று ஆளுக்கொரு இடம் பொறுப்பெடுத்தால் ஆறு பேர் காணும். யார் எந்த இடம் என்று கீழே எழுதுங்கள்.